பௌர்ணமி மாலையில் கலங்கிய பை

வேங்கிக்காலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ரேணுகாம்பாள் உயிரியல் ஆசிரியை. செங்கம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையைப் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் பெண். நாற்பதைத் தாண்டிய வயதிலும் வகுப்பறையில் அவள் குரல் கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்கும். "ரேணு மிஸ் இருந்தா தூங்க முடியாதுடி" என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நாள் முழுவதும் பயந்து செத்துக்கொண்டிருந்தது பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயிருந்தன. அவர்கள் குடும்பத்தில் ஓடும் நோய் அது. அண்ணன் அறிவுச்செல்வனை அதுதான் கொண்டுபோனது. அவன் படுத்த படுக்கையானதும் ஊரே பார்க்க வந்தது. ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டும் சாத்துக்குடியுமாக வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே போகும்போது வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தப் பார்வைகளில் அண்ணன் உயிரோடிருக்கும்போதே செத்துப்போயிருந்ததை ரேணுகாம்பாள் கண்ணால் பார்த்தாள். தன் முறை வந்தபோது கணவன் மாறனிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. உங்க வீட்டுலயும் வேணாம், எங்க வீட்டுலயும் வேணாம். ஸ்கூலுக்குத் தெரியவே கூடாது."

வேலூர் மருத்துவமனையில் அவள் வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ். பையில் வரும் சர்க்கரை கலந்த நீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியே இரத்தத்தில் தேங்கிய கழிவுகள் அந்த நீருக்குள் பரவி வரும். சர்க்கரையின் இழுப்புக்கு உடம்பில் தங்கிய உபரித் தண்ணீரும் சவ்வைக் கடந்து வந்து சேரும். சில மணி நேரம் கழித்து அதை வெளியே வடித்துவிட்டு அடுத்த பை. காலையில் எழுந்ததும், நண்பகலில், மாலையில், படுக்கப்போகும் முன் என்று ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டிய காரியம்.

பரவல், சவ்வூடு பரவல். பதினொன்றாம் வகுப்புக்கு வருடா வருடம் அவள் நடத்தும் பாடம். கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் விஷயத்தில் தன் உயிர் தொங்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பை மாற்றச் சொல்லிக்கொடுத்த பாலாஜி என்ற ஆண் செவிலியர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். "கை நல்லா கழுவணும் மேடம். மாஸ்க் போடணும். ஃபேனை நிறுத்தணும், ஜன்னல் சாத்தணும். டியூப் முனையில எதுவும் படக் கூடாது. பட்டா கனெக்ட் பண்ணாதீங்க, உடனே எனக்கு போன் பண்ணுங்க. வெளிய வர்ற தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். கலங்கி வந்துச்சுன்னா உள்ள கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம்."

அந்த 'கலங்கி' என்ற சொல் ரேணுகாம்பாள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் வடிந்த பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறப்பாள்.

நண்பகல் பையைப் பள்ளியில்தான் மாற்ற வேண்டியிருந்தது. உயிரியல் ஆய்வகத்தை ஒட்டிப் பழைய வரைபடங்களும் மாதிரிப் பொம்மைகளும் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. எலும்புக்கூட்டை ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டு, அந்த அறையை அவளே கழுவித் துடைத்து வைத்திருந்தாள். எலும்புக்கூடு தொங்கிய கொக்கியில் இப்போது அவளுடைய பை தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வெளியே யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

"இன்னா டீச்சர், தினம் தினம் கதவ சாத்திக்கினு தனியா சாப்புடுறீங்க?" என்று ஆய்வக உதவியாளர் காசியம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"தலைவலிம்மா. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறேன்."

காசியம்மாள் நம்பினாளா என்பது தெரியவில்லை. அதிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

கார்த்திகைக்கு முந்தைய மாதம், உருளைக்கிழங்குச் சோதனைக்கான நாள் வந்தது. தோல் சீவி அடியைத் தட்டையாக வெட்டிய உருளைக்கிழங்கின் நடுவில் குழி தோண்ட வேண்டும். அதில் சர்க்கரைக் கரைசலைப் பாதி வரை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசி குத்திக் குறித்துவிட்டு, தண்ணீர் உள்ள பீக்கரில் கிழங்கை உட்கார வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குழிக்குள் மட்டம் குண்டூசியைத் தாண்டி ஏறும். பக்கத்திலேயே ஒரு பீக்கர் தண்ணீரில் பெர்மாங்கனேட் துகள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஊதா நிறம் புகைபோல் இழை இழையாகப் பிரிந்து மெல்லத் தண்ணீர் முழுவதையும் பிடித்தது. பிள்ளைகள் அதைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள்.

"மிஸ், யாருமே கலக்கலையே, அது எப்படி தானா போவுது?" என்றாள் பூஜா. கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"ஜாஸ்தியா இருக்கற எடத்துலேர்ந்து கம்மியா இருக்கற எடத்துக்குப் போவும். அது பரவல். இங்க பாரு, கிழங்குல தண்ணி உள்ள ஏறுது. சர்க்கரை இருக்கற பக்கம் தண்ணி கம்மி. அதனால தண்ணி செல் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் வருது. சர்க்கரையால அவ்வளவு சுலபமா வெளிய போவ முடியாது. இது சவ்வூடு பரவல்."

"அந்த சவ்வு கிழிஞ்சிட்டா மிஸ்?"

"கிழிஞ்சா வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு ரேணுகாம்பாள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அன்று சோதனை இழுத்துக்கொண்டே போனது. சாப்பாட்டு மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் அவள் அந்த அறைக்குள் நுழைந்தாள். கை கழுவினாள், முகக்கவசம் போட்டாள். குழாயின் மூடியைக் கழற்றி, புதுப் பையின் முனையை இன்னொரு கையில் எடுத்த நேரம், கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"டீச்சர்! எச்செம் கூப்புடுறாங்க டீச்சர்!" காசியம்மாளின் குரல்.

ரேணுகாம்பாள் துள்ளித் திரும்பினாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்துதான் இருந்தது. மறுபடி கையைப் பார்த்தபோது, கட்டைவிரல் குழாய் முனைக்கு மிக அருகில் இருந்தது. பட்டதா? படவில்லையா? அவளுக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

பாலாஜிக்கு போன் செய்தால் உடனே வேலூருக்குப் புறப்பட்டு வரச் சொல்வார். அரை நாள் விடுப்பு, தலைமையாசிரியையின் கேள்வி, அதற்கு ஒரு பொய். "படல, படல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் முனைகளை இணைத்துவிட்டாள். நீர் வயிற்றுக்குள் இறங்கிய நேரம் முழுவதும் அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையும் மறுநாளும் பை தெளிவாகவே வந்தது. இருந்தாலும் பயம் அவளை விடவில்லை. மாறனிடம் சொல்லவில்லை. மறுநாள் விளையாட்டு விழா என்பதால் ஆய்வகத்தில் வகுப்பு இல்லை. மைதானத்தில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டிக்கொண்டு, அவள் தன் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்று பள்ளி அரை நாளோடு விட்டது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உருளைக்கிழங்குகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை. குழிக்குள் இருந்த சர்க்கரைக் கரைசல் வெளுத்துக் குழம்பிக் கிடந்தது.

"மிஸ், தெளிவாதானே ஊத்தினோம், ஏன் இப்படி கலங்கிப்போச்சு?" பூஜா கிழங்கைத் தூக்கிக் காட்டினாள்.

"கிருமி." ரேணுகாம்பாள் ஒரு அடி பின்வாங்கினாள். "சர்க்கரை இருக்கு, வெதுவெதுப்பு இருக்கு. ஒரே ஒரு கிருமி போனா போதும், பெருகிடும். தூக்கிப் போடுங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு கையை சோப்பு போட்டு கழுவுங்க."

பிள்ளைகள் போன பிறகு அவள் மேசையை இரண்டு முறை துடைத்தாள். நண்பகல் பையைக்கூட அங்கே மாற்ற மனம் வரவில்லை. வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீடு செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது. மாறன் அதே சாலையில் ஒரு விருந்தினர் விடுதியின் மேலாளர். பௌர்ணமியன்று விடுதி நிரம்பி வழியும், அதனால் அவன் வீட்டில் இல்லை. பாதி தூரம் ஷேர் ஆட்டோவில் வந்து மீதியை நடந்து வீடு சேர்வதற்குள் அவளுக்குக் குளிர் எடுத்தது. அடிவயிறு கனத்து வலித்தது. படுத்துக்கொண்டாள். எழுந்து பார்ப்போம், அடுத்த வேளை பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில்தான் துணிவு வந்து நீரை வடித்தாள்.

பை அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, போனை எடுத்து முதலில் மாறனை அழைத்தாள், பிறகு பாலாஜியை.

"பின்னாடி ஒரு பேப்பர் வெச்சுப் பாருங்க மேடம். எழுத்து தெரியுதா?"

"தெரியல."

"வலி? காய்ச்சல்?"

"ரெண்டும் இருக்கு."

"எங்கனா கை பட்டுச்சா மேடம்?"

"முந்தாநாள். பட்டிருக்கலாம்."

"அப்பவே கூப்புட்டிருக்கணும்." அவர் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "சரி, அந்தப் பையைக் கொட்டிடாதீங்க. டெஸ்டுக்கு வேணும், அப்படியே எடுத்துனு வாங்க. லேட் பண்ணவே கூடாது, கிளம்பிடுங்க."

மாறன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் வெளிறிவிட்டது. சந்து முனைக்கு வந்தால், செங்கம் சாலையில் ஒரு சைக்கிள்கூடப் போக வழி இல்லை. சாலையின் அகலம் முழுவதும் வெறுங்கால்களோடு ஜனம் நகர்ந்துகொண்டிருந்தது. வேலூர் பக்கம் போக வேண்டுமானால், ஊர் நோக்கி, அத்தனை பேருக்கும் எதிராக நடக்க வேண்டும்.

மாறன் ஒரு கையில் துணிப்பைக்குள் வைத்த கலங்கிய பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளைச் சுவரோரமாக அணைத்தபடி நடந்தான். அவள் இரண்டு கைகளாலும் புடவைக்கு மேலே குழாய் இருக்கும் இடத்தை மூடிக்கொண்டாள். யாராவது முழங்கையால் இடித்தால்? குழாய் பிடுங்கிக்கொண்டு வந்தால்? ஒரு குழந்தை குறுக்கே ஓடியதும் அவள் அலறிவிட்டாள்.

"தப்பான பக்கம் போறீங்கம்மா. மலையை இப்படித்தான் சுத்தணும்" என்று ஒரு பெண்மணி அக்கறையோடு தோளைத் தொட்டுத் திருப்பப் பார்த்தார்.

"வழி விடுங்கக்கா, ஒடம்பு சரியில்ல" என்றான் மாறன். நாலு பேர் ஒதுங்கினார்கள், ஐந்தாவது ஆள் கவனிக்கவில்லை. நீர்மோர்ப் பந்தலில் ஒலிபெருக்கி அலறியது. அண்ணனைக் கடைசியாக ஊரிலிருந்து வேனில் ஏற்றியபோது அவன் கண் இப்படித்தான் எங்கும் நிற்காமல் அலைந்தது என்ற நினைவு வந்தது. தன் கண்ணும் அப்படி இருக்கிறதோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மருத்துவ முகாம் தெரிந்தது. துணிக்கூரையின் கீழ் இரண்டு கட்டில், பக்கத்தில் ஆம்புலன்ஸ். அங்கே போய் விழாத குறையாக உட்கார்ந்தாள். முகாமில் இருந்த நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நடந்து டயர்டாயிட்டாங்க. அந்த உப்பு சர்க்கரை தண்ணி கொண்டாம்மா."

தம்ளரோடு ஓடிவந்த பெண் நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொப்பி போட்டிருந்தாள். பூஜா.

"மிஸ்!"

ரேணுகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை காலம் எதற்காக ஒளித்தாளோ அது எதிரே வந்து நின்றுவிட்டது. சொல்லாமல் இருக்கலாம், ஆனால் அவள் உடம்புக்கு ஆகாத அந்த உப்புத் தண்ணீர் வாயருகே வந்துகொண்டிருந்தது. மாறன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"வேணாம் சிஸ்டர். நான் டயாலிசிஸ் பேஷண்ட். ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. வயித்துல டியூப் இருக்கு, உள்ள கிருமி பூந்துடுச்சு. என்னை வேலூர் அனுப்புங்க."

நர்ஸ் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ரேணுகாம்பாளைத் தூக்க மாறனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பையை வைக்க இடம் தேடினான். பூஜா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். துணிப்பை நழுவியதில் உள்ளே இருந்தது தெரிந்தது. அந்த வெளுத்த நீரைப் பார்த்த பூஜா உடனே நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள். முந்தைய கேள்விகளையெல்லாம் போல இதையும் அவளால் அடக்க முடியவில்லை.

"மிஸ், செத்துடுவீங்களா?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. அண்ணனிடமும் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் வாசலில் நின்றுதான் பேசினார்கள்.

"தெரியலம்மா" என்றாள் ரேணுகாம்பாள். "பயமா இருக்கு."

பூஜா அழுதுகொண்டே பையை ஆம்புலன்ஸுக்குள் நீட்டினாள். பிறகு வண்டிக்கு முன்னால் ஓடி, "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினாள். அவளைப் பார்த்து முகாமிலிருந்த மற்ற பிள்ளைகளும் ஓடினார்கள். கூட்டம் நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்தது.

வேலூரில் மருந்தைப் புதுப் பைகளுக்குள்ளேயே செலுத்தி வயிற்றில் இறக்கினார்கள். முதல் சில நாட்கள் நீர் தெளியவே இல்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அதன் பிறகு அண்ணனுக்குச் செய்ததுபோல் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ரேணுகாம்பாள் தூங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாராவது முனகினால்கூடத் தன் குரல்தானோ என்று திடுக்கிட்டாள். விடிந்ததும் பாலாஜி பையை ஜன்னலருகே தூக்கிப் பிடிக்கும்போது, அவள் மாறனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை மாறன் வாய்விட்டு அழுதான். எல்லாம் முடிந்ததென்று அவள் நினைத்தாள்.

"தெளிஞ்சிருக்குது ரேணு" என்றான் அவன்.

குழாய் தப்பியது. மருந்து சில வாரம் தொடர்ந்தது. வீடு திரும்பியதும் பள்ளியிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தபோது அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாறன் கெஞ்சித்தான் வெளியே அழைத்து வந்தான். தமிழாசிரியை தமிழ்செல்வி ஆப்பிளோடு வந்திருந்தாள். தமிழ்செல்வி, "உங்க கிளாஸை எங்கிட்ட குடுத்துட்டாங்க, அந்த பூஜா உசிரை வாங்குறா. சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். காசியம்மாள் மட்டும் மூலையில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கதவ தட்டினதுனாலயா டீச்சர்?" என்று போகும்போது மெல்லக் கேட்டாள்.

"உன்னால இல்லம்மா. நான் போன் பண்ணியிருக்கணும்."

தலைமையாசிரியை அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையடித்து, பழைய ஜன்னலை மாற்றி, சாவியை அவள் கையில் கொடுத்தார். நண்பகலில் காசியம்மாள் வராந்தாவில் காவலுக்கு உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பக்கம் யார் வந்தாலும் விரல் நீட்டி விரட்டிவிடுவாள்.

திரும்பிப் போன வாரம், கெட்டுப்போன சோதனையை ரேணுகாம்பாள் மறுபடி செய்தாள். இந்த முறை ஒரு பச்சைக் கிழங்கும் ஒரு வேகவைத்த கிழங்கும். வெந்த கிழங்கில் மட்டம் ஏறவில்லை. செல் சவ்வு செத்துவிட்டால் நடப்பது அதுதான் என்று விளக்கினாள். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். பூஜா குறிக்காமல் நின்றாள்.

"மிஸ், உங்க வயித்துல இருக்கற சவ்வு எவ்ளோ நாள் தாங்கும்?"

"சில வருஷம் நல்லா வேலை செய்யும்னு சொல்றாங்க" என்றாள் ரேணுகாம்பாள். "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடும். அதுக்குள்ள வேற கிட்னி கிடைக்கணும். எழுதிக்கோங்க, அடுத்தது ரியோ செடியோட இலையில பிளாஸ்மா சிதைவு."

பூஜா எழுதினாள்.

மாறன் தன் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்கப் போகலாம் என்று பலமுறை சொல்லியிருந்தான். அவனுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ரேணுகாம்பாள் மறுத்தே வந்தாள். தை மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் வேலூர் பஸ் ஏறினார்கள். ஊசி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"பயமா இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப. உனக்கு?"

"எனக்கும்."

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான். அவளும் கூடவே எழுந்து, அந்த அறையின் வாசல் வரை போய் நின்றுகொண்டாள்.